பாட்டி கொடுத்து வைத்த விதை

பாட்டி தொட்டியில் வளர்த்த வெண்டைச் செடியில், அவர் மறைந்த பிறகும் காய் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் பிஞ்சிலேயே பறித்துச் சமைத்துவிட்டோம். செடி பட்டுப்போன பிறகுதான், விதைக்கென ஒரு காயைக்கூட விடவில்லை என்பது உறைத்தது.

எங்கள் புளோக்கின் கீழே சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ் அமைந்தது. அங்குச் செடி வளர்க்கும் மலாய் மூதாட்டி ஒருவரிடம் வெண்டை விதை கேட்டேன். “உன் பாட்டி கொடுத்ததுதான்,” என்று ஒரு டப்பாவை நீட்டினார். பாட்டி அவரிடம் கத்திரி விதை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தாராம்.

சேமிக்கும் முறையையும் அவரே சொல்லித் தந்தார். நல்ல செடியில் ஒரு காயை முற்றிப் பழுப்பாகிக் காயும்வரை விட வேண்டும். விதைகளை நிழலில் நன்கு உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே வைத்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் குறைந்துவிடும். கடையில் வாங்கும் கலப்பின ரகங்களின் விதை மட்டும் தாய்ச்செடியைப் போலவே வளரும் என்று சொல்ல முடியாது.

இப்போது என் செடியில் ஒரு காய் முற்றிக்கொண்டிருக்கிறது. அதன் விதையில் பாதி எனக்கு, மீதி நண்பர்களுக்கு. என்னிடம் அழிந்தாலும் அவர்களிடம் இருக்குமே!