இருவகைக் கண் சொட்டுகள்

வடநாட்டில் குளிர் நீங்கி மரங்கள் பூக்கத் தொடங்கும் பங்குனி மாதத்தில், காற்றிலே மகரந்தத் தூள் மிகுந்துவிடுகிறது. கோடையிலோ புழுதிக்காற்று தில்லி நகரையே மூடிவிடுகிறது. இப்பருவங்களில் கண் அரித்து, சிவந்து, நீர் வடிந்து துன்புறுவோர் பலர். அவர்களுள் நீரிழிவு நோயுடையாரும் உளர். ஆண்டுதோறும் செய்துகொள்ளவேண்டிய விழித்திரைப் பரிசோதனையும் இதே சமயத்தில் நேருமாயின், அவர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. அரிப்புக்கென்று விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்தை அன்றைக்கு விடலாமா? அன்றிக் கண் தெளியும்வரை பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

இவ்விரு நோய்களும் கண்ணின் எப்பகுதியைப் பற்றியவை என்பதை அறிந்தால் விடை எளிதாகும். ஒவ்வாமை கண்ணின் புறத்தே நிகழ்வது. வெண்விழியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் மகரந்தமோ தூசியோ படும்பொழுது, அங்குள்ள உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அதனாலேயே அரிப்பு உண்டாகிறது. நீரிழிவினால் விளையும் கேடோ, கண்ணின் ஆழத்தே, ஒளியை ஏற்கும் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் நிகழ்வது. அக்குழாய்கள் நலிந்து கசிகின்றன. நோய் முற்றினால் புதிய குழாய்கள் முளைத்து, உடைந்து, இரத்தம் பெருகுகிறது. ஒவ்வாமை அரிப்பினால் தன்னை அறிவித்துவிடும். விழித்திரைக் கேடோ வலி தருவதில்லை. தொடக்கத்தில் பார்வையை மங்கச் செய்வதுமில்லை. பரிசோதனை இன்றியமையாததாவது இதனாலேயே.

பரிசோதனைக்குமுன் கண்மணியை விரியச் செய்தற்குப் பெரும்பாலும் ட்ரோபிகமைடு என்னும் சொட்டு மருந்தை விடுவர். ஏறக்குறைய 20 நிமிடங்களில் கண்மணி விரிந்து, உள்ளே விழித்திரை தெளிவாய்ப் புலப்படும். ஒவ்வாமைக்கு வழங்கும் ஓலோபடடைன், கீட்டோடிஃபென், சோடியம் குரோமோகிளைகேட் முதலிய மருந்துகள் இதற்குப் பொதுவாக இடையூறு செய்வதில்லை. ஆகவே அன்று காலையும் வழக்கம்போல் விட்டுக்கொள்ளலாம். ஒரு மருந்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 5 நிமிடமேனும் கழியவேண்டும். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். களிம்பு மட்டும் கருவிழியின்மேல் படிந்து படத்தை மங்கச் செய்யும். அதனைப் பரிசோதனைக்குப்பின் இடலாமா என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

மருந்துக் குப்பியைக் கையோடு கொண்டுசென்று காட்டுதல் வேண்டும். கடையில் தாமே கேட்டு வாங்கும் சில சொட்டுகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை விரைவில் தணிக்கும். ஆயினும் நெடுநாள் விட்டுவந்தால் கண்ணின் அழுத்தம் உயர்வதற்கும், கண்புரை வளர்வதற்கும் இடமுண்டு. மருத்துவர் குறித்துக் கொடுத்ததாயின், அவரைக் கேளாமல் நிறுத்துதலும் தகாது.

பரிசோதனைக்குச் செல்வோர் உணவையும் நீரிழிவு மருந்தையும் வழக்கம்போல் கொள்ளலாம். கண்மணி விரிந்த நிலை சில மணி நேரம் நீடிக்கும். அதுவரை வெளிச்சம் கூசும், அருகிலுள்ள எழுத்துகள் மங்கலாகத் தோன்றும். ஆதலின் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுதலும், கறுப்புக் கண்ணாடி அணிதலும் நலம். பார்வை தெளியும்வரை வண்டி ஓட்டலாகாது. பின்னர் கண்ணில் கடும் வலியும் சிவப்பும் வாந்தியும் கண்டால், தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டும். இது மிக அரிதாகவே நேரும்.

வெறும் அரிப்புக்காகப் பரிசோதனையைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. சீழ், கடுமையான வலி, பார்வைக் குறைவு இவை தோன்றினாலோ, குறித்த நாள் வரும்வரை காத்திராமல் உடனே கண் மருத்துவரை நாடவேண்டும்.

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டென 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. விழித்திரைக் கேட்டைக் காலத்தே கண்டால், லேசர் சிகிச்சையாலும் கண்ணுள் செலுத்தும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் பார்வையைக் காக்க இயலும். இழந்த பார்வையை மீட்பதோ அரிது. அரிப்பு பருவத்தோடு போய்விடும். அதனை முன்னிட்டு ஓராண்டுப் பரிசோதனையை இழந்துவிடலாகாது.