சைக்கிளுக்கும் தலைக்கவசமா?

காலை 8-30 மணிக்கு ராஜபாளையத்தில் மதுரை ரோட்டின் ஓரமாக ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் செங்கோட்டையை நோக்கி உறுமிக்கொண்டு போகும். அவற்றை முந்துவதற்கு மதுரை பஸ்ஸும் தென்காசி பஸ்ஸும் போட்டி போடும். இந்த அமளிக்கு நடுவே, தார் விளிம்புக்கும் சாலையோரத்து மணலுக்கும் இடையே கிடைத்த ஒரு முழ இடத்தில், ரெட்டைப் பின்னலும் புத்தகப் பையுமாக ஒரு பெண் குழந்தை சைக்கிள் மிதித்துக்கொண்டு போவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றாலும் இதே காட்சிதான். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே? லாரியும் ஒன்று, வெயிலும் ஒன்று.

அந்தக் குழந்தை உங்கள் பெண்ணாக இருக்கலாம், பேத்தியாக இருக்கலாம். அவள் வாசல் தாண்டிய பிறகு, சாயங்காலம் திரும்பி வந்து ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கிறவரையில் வீட்டில் ஒருத்தியின் காது தெருவிலேயே இருக்கும். அவள் கேட்கிறாள்: "மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் போட்டார்களே, என் பெண்ணின் தலை மட்டும் என்ன இளப்பமா?"

சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "நல்லாச் சொன்னீங்க, போங்க! இன்னைக்கு சைக்கிளுக்கும்பாங்க, நாளைக்கு நடந்து போறவனுக்கும் மாட்டிக்கிட்டுப் போம்பாங்க!" என்பார்.

இருவரில் யார் கட்சி நியாயம்? வாசகர்களே, நாமே நடுவராக உட்கார்ந்து விசாரித்துப் பார்ப்போமே!

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போதுள்ள சட்டம் அண்ணாச்சியின் பக்கம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவுதான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அது மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. மிதிக்கிற சைக்கிள் மோட்டார் வாகனம் அல்லவே! சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து நம் மாநிலத்தில் இது கண்டிப்பாக அமலுக்கு வந்தபோதும், 2019-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1,000 ரூபாயாக உயர்த்தியபோதும், சைக்கிள்காரரின் வெறுந்தலையை யாரும் தொடவில்லை. 250 வாட்டுக்கு மேற்படாமல், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடுகிற மின்சார சைக்கிளுக்குக்கூட இந்த விலக்கு உண்டு.

ஆனால் சைக்கிளைச் சட்டம் எப்போதுமே இப்படிச் செல்லமாக விட்டு வைத்ததில்லை. உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேளுங்கள். அந்த நாளில் சைக்கிளுக்கு நகராட்சியில் வரி கட்டி வில்லை வாங்கிப் பொருத்த வேண்டும். இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாது. மீறினால் கான்ஸ்டேபிள் வழி மறிப்பார், சில சமயம் டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டு, "தள்ளிக்கொண்டு போ!" என்று அனுப்புவார்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? தூரத்தில் சிவப்புத் தொப்பி தெரிந்தால் பின்னால் இருப்பவர் குதித்து இறங்கி, ஒன்றுமறியாதவர்போல் நடப்பார். தொப்பி மறைந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார்! விளக்கு எதற்கு என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. லாரிக்காரர் கண்ணுக்குத் தெரிவதற்கு என்பது மறந்து, கான்ஸ்டேபிள் கண்ணுக்குத் தெரிவதற்கு என்று ஆகிவிட்டது. இன்று மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்க்மீது ஹெல்மெட் சவாரி செய்கிறதே, அதுவும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்லும்போது வேண்டியிருக்கும்.

இரண்டு சிறுவர்களும் ஒரு டாக்டரும்

ஹெல்மெட் பிறந்த கதையிலும் சைக்கிளுக்குப் பங்கு உண்டு. "லாரென்ஸ் ஆஃப் அரேபியா" என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்கள் அதன் ஆரம்பக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அது நிஜமாக நடந்ததுதான். 1935 மே 13-ஆம் தேதி, இங்கிலாந்தின் கிராமச் சாலை ஒன்றில் கர்னல் லாரென்ஸ் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்தார். மேட்டைத் தாண்டியதும் எதிரே சைக்கிளில் இரண்டு சிறுவர்கள்! அவர்கள்மீது மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார், தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து உயிர் நீத்தார்.

சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். பாலைவனப் போர்களில் தப்பிய மனிதர், தலையில் பட்ட அடியால் வீணாக மடிந்தது அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. யுத்தம் வந்தது. செய்தி கொண்டு செல்லும் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்கள் விபத்துகளில் மடிவதை ஆராய்ந்து, 1941-இல் கட்டுரை எழுதினார். தலையில் கவசம் இருந்தவர்களுக்குக் காயம் லேசாக இருந்ததை எடுத்துக் காட்டினார். அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973-இல்தான். தாம் தொடங்கி வைத்த காரியம் சட்டமாவதைப் பார்க்க டாக்டர் அப்போது உயிரோடு இல்லை.

தேங்காயும் வைக்கோலும்

ஹெல்மெட் அப்படி என்னதான் செய்கிறது? பிள்ளையார் கோவிலில் சிதறுகாய் போடுகிறோம். கல்லில் விழுந்தால் தேங்காய் சுக்கு நூறு. அதே காயை வைக்கோல் போரில் எறியுங்கள். முழுசாக எடுத்து வரலாம். விழுந்த வேகம் ஒன்றுதான். கல்லில் சட்டென்று நிற்கிறது. வைக்கோலில் அழுந்தி நிதானமாக நிற்கிறது. சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரைப்பொருள்தான் அந்த வைக்கோல். அடி விழும்போது அது நசுங்கி, தான் அழிந்து, தலையைக் காப்பாற்றுகிறது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் பிறகு உதவாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

"நான் மெதுவாகத்தானே போகிறேன்?" என்பீர்கள். ஐயா, சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1½ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்ற சைக்கிளிலிருந்து சாய்ந்து விழுந்தாலும், அந்த உயரத்திலிருந்து தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை எட்டிவிடுகிறது! ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிப்பதும் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அதற்குமுன் நடந்த 40 ஆராய்ச்சிகளை ஒன்றாகத் தொகுத்தது. விபத்தில் சிக்கிய சைக்கிள்காரர்களில், ஹெல்மெட் அணிந்தவர்களுக்குப் பலத்த தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைவு என்று கண்டது.

ஆகவே தாயாரின் கட்சி வலுக்கிறது. ஆனால் ஒன்று: இது கீழே விழுகிறவருக்கான கவசம், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி மோதினால் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

கட்டாயம் ஆக்கிய ஊர்கள்

உலகத்திலேயே முதன் முதலாக சைக்கிள்காரர் எல்லோருக்கும் ஹெல்மெட் சட்டம் கொண்டு வந்தது ஆஸ்திரேலியா. விக்டோரியா மாநிலத்தில் 1990 ஜூலையில் தொடங்கி, இரண்டே வருஷத்தில் நாடு முழுதும் பரவியது. 1994-இல் நியூஸிலாந்தும் சேர்ந்துகொண்டது. தலைக்காயங்கள் குறைந்தன. சபாஷ்! ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. சாலையில் சைக்கிள்களை எண்ணிப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். முக்கியமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் கணிசமான பேர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். காயம் குறைந்தது கவசத்தாலா, சைக்கிள் குறைந்ததாலா என்று பண்டிதர்கள் இன்றுவரை மல்லுக்கு நிற்கிறார்கள். மெக்ஸிகோ நகரம் 2010-இல் தன் சட்டத்தை ரத்து செய்தது. இஸ்ரேல் 2011-இல் நகரங்களில் பெரியவர்களுக்கு விலக்கு அளித்தது.

ஹாலந்துக் கதை இதைவிட வேடிக்கை. அங்கே மனிதர்களைவிட சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம். ஹெல்மெட் அணிகிறவர்களோ மிகச் சொற்பம். 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் 3,000 பேருக்குமேல் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து!" என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். அரசாங்கம் குழந்தைகளின் தலையில் கவசம் மாட்டவில்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டது, தெருக்களில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தியது.

நம் ஊர்ப் பெண்களின் சைக்கிள்

இப்போது ராஜபாளையத்துக்குத் திரும்புவோம். நம் பெண்களுக்கு சைக்கிள் வெறும் வண்டி அல்ல. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தபோது, கல் உடைக்கிற பெண்களும் வயல் வேலைக்குப் போகிற பெண்களும் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசு, உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் கொடுத்தது. "பள்ளிக்கூடம் தூரமாக இருக்கிறது, பெண் படித்தது போதும்" என்று சொல்லி வந்த எத்தனையோ அப்பாக்களின் வாயை அந்த சைக்கிள் அடைத்தது!

நாளைக்கே கட்டாயச் சட்டம் வந்தால்? ஹெல்மெட் இல்லாத பெண்ணைப் போலீஸ் நிறுத்தும். அபராதம் கட்ட அவளிடம் ஏது காசு? ஒரு தடவை நிறுத்தினால் அழுதுகொண்டு வீட்டுக்கு வருவாள். மறு தடவை, "சைக்கிளும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். தலையைக் காப்பாற்றப் போய், தலையெழுத்தைக் கெடுத்ததாக முடியக்கூடாது அல்லவா?

வேறு சங்கடங்களும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் வியர்வை வழியும். ரெட்டைப் பின்னலுக்கும் மல்லிகைச் சரத்துக்கும் மேலே ஹெல்மெட் எப்படி உட்காரும்? ஆனால் இவையெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. சைக்கிள் ஹெல்மெட் மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதைப்போல் பானையாக மூடுவதில்லை; காற்றுப் போக நிறையத் துவாரங்கள் உண்டு, கனமும் குறைவு. பின்னலைத் தாழப் போட்டுக்கொண்டால் போதும். தலையில் சும்மாடு வைத்துக் குடம் சுமந்த வம்சம் நம்முடையது. இது பெரிய பாரமா என்ன?

தீர்ப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் அடியில் வைக்கும் முட்டுக்கட்டைதான். சமயம் பார்த்துச் சாய்வாக வைத்தால் தேர் வளைந்து தெருவுக்குள் போகும். குறுக்கே போட்டால் நின்றே போகும். சட்டமும் முட்டுக்கட்டைதான், வைக்கிற இடத்தில் இருக்கிறது சூட்சுமம்.

ஆகவே என் யோசனை இது. ஹெல்மெட் வேண்டும், அபராதம் வேண்டாம். சைக்கிள் கொடுக்கிற அரசாங்கம் அதன் கூடவே ஒரு ஹெல்மெட்டும் கொடுக்கட்டும். வகுப்பில் எல்லோரும் அணிந்தால் ஒருத்திக்கும் வெட்கம் இராது, சீருடைபோல் ஆகிவிடும். கட்டாயம் என்று ஒன்று வேண்டுமானால் அது நெடுஞ்சாலைக்கு இருக்கட்டும்: சாலையின் இருபுறமும் சைக்கிளுக்கு இடம் விடுவது கட்டாயம், பள்ளிக்கூட வாசலில் லாரியும் பஸ்ஸும் வேகம் குறைப்பது கட்டாயம்.

அதுவரையில், தாய்மார்களே, உங்களால் ஆனதைச் செய்யுங்கள். ஹெல்மெட் வாங்கினால் தலைக்குச் சரியான அளவாக வாங்குங்கள். "வளருகிற பிள்ளை" என்று சட்டை தைப்பதுபோல் பெரிதாக வாங்காதீர்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடைதான் நெற்றி தெரிய வேண்டும். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். பட்டை மாட்டாத ஹெல்மெட் விழுகிறபோது தனியாக ஓடிவிடும். சைக்கிளின் பின்னால் வெளிச்சம் பட்டால் மினுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிரேக்கை மாதம் ஒருமுறை அண்ணாச்சியிடம் காட்டுங்கள்.

அண்ணாச்சி சிரிப்பார், சிரிக்கட்டும். இரண்டு பிரேக்கையும் இறுக்கிக் கொடுத்துவிட்டு, "மெதுவாப் போ தாயி, ஓரமாப் போ" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்புகிறவரும் அவர்தானே?