பேண்டேஜ் துணியில் ஓட்டை போடும் துரு: வினையூக்கி திரவத்தில் எப்படி, வாயுவில் எப்படி?

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் இருந்து இறங்கும் துணி பழுப்பாக, மெழுகுப் பிசுக்கோடு இருக்கும். அதை அப்படியே காயத்தில் கட்டினால் ரத்தத்தைச் சரியாக உறிஞ்சாது. அதனால் காரத்தில் கொதிக்கவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். துணியில் கொஞ்சம் இரும்புத்துரு ஒட்டியிருந்தால் போதும். வெளுத்த துணியில் ஊசித்துளை விழுந்துவிடும்.

துரு என்ன செய்கிறது?

தான் செலவாகாமல் வேதிவினையின் வேகத்தைக் கூட்டுவதுதான் வினையூக்கி. துருவில் உள்ள இரும்பு, பெராக்சைடை மளமளவென்று சிதைக்கிறது. அப்போது மிக மூர்க்கமான துணுக்குகள் உருவாகின்றன. திரவத்தில் மூலக்கூறுகள் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்பதால், அந்தத் துணுக்குகளால் தூரம் போக முடியாது. பக்கத்தில் இருக்கும் பருத்தி இழையையே அரிக்கின்றன. துணி முழுக்க நன்றாக இருக்க, துரு பட்ட இடம் மட்டும் ஓட்டையாவது இதனால்தான்.

வாயுவில் என்ன மாற்றம்?

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பைக்கில் போகிறவரின் சைலன்சரிலும் வினையூக்கி உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிகளை எட்ட இது உதவுகிறது. தேன்கூடு போன்ற துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்டிருக்கும்.

புகை அதைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. அதுக்குள்ள எப்படி நச்சு குறையும்? வாயுவில் மூலக்கூறுகள் நெருக்கமின்றி இருப்பதால், திரவத்தைவிடச் சுமார் 10,000 மடங்கு வேகமாகப் பரவும். சுவரைத் தொட அந்த நேரமே போதும். ஆனால் சுவர் சுமார் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் வினை சூடுபிடிக்கும். வண்டி கிளம்பிய முதல் சில நிமிடங்களில் நச்சுப்புகை அதிகமாக வருவது அதனால்தான்.

அப்போ என்ன செய்யணும்?

எந்தப் படி மெதுவாக நடக்கிறதோ, அதுவே மொத்த வேகத்தைத் தீர்மானிக்கிறது. திரவத்தில் சில நேரங்களில் பொருள் வந்து சேர்வதுதான் தாமதம்; அப்போது கலக்கிவிடுவது பலன் தரும். குளிர்ந்த சைலன்சரில் வினைதான் தாமதம். அதற்குச் சூடு வேண்டும்.

துணி வெளுப்பில் கதையே வேறு. அங்கே வினையூக்கி வேண்டாத விருந்தாளி. வெளுப்பதற்கு முன்பே துருக்கறையை நீக்க வேண்டும். பெராக்சைடை நிதானப்படுத்த சோடியம் சிலிக்கேட்டும், இரும்பைக் கட்டிப்போடும் வேதிப்பொருளும் சேர்க்கிறார்கள். காயத்தின் மேல் படப்போகிற துணி. ஒரு துருப்பொட்டைக்கூட அலட்சியமாக விட முடியாது.