நோயாளியின் படுக்கைக்கு ஏற்ற விரிப்பு எது?

நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில், மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் குடும்பத்தினர் எங்களிடம் விரிவாகக் கேட்கின்றனர். கட்டிலுக்கும் காற்றுப் படுக்கைக்கும் ஏற்பாடு செய்கின்றனர். ஆனால் அவற்றின் மீது விரிக்கும் துணியைப் பற்றிக் கேட்போர் சிலரே. பக்கவாதத்தாலோ, இடுப்பெலும்பு முறிவாலோ, முதுமையாலோ படுத்த படுக்கையாகிவிட்டவரின் தோலை இரவும் பகலும் தொட்டுக்கொண்டிருப்பது அந்தத் துணிதான். ஆகவே அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறோம்.

துணிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் என்ன தொடர்பு?

படுக்கைப் புண்ணுக்கு முதற்காரணம் அழுத்தம். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால், முழங்கை, பின்மண்டை ஆகிய இடங்களில் எலும்பு தோலுக்கு மிக அருகில் உள்ளது. உடலின் எடை அங்கே தொடர்ந்து தங்கும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, தோலுக்கும் தசைக்கும் இரத்தம் செல்வது தடைப்படுகிறது. இந்த அழுத்தத்தை எந்த விரிப்பாலும் போக்க இயலாது. மருத்துவரோ செவிலியரோ குறித்துக் கொடுத்த இடைவெளியில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதே அதற்கு வழி. விலை உயர்ந்த விரிப்பு வாங்கிவிட்டோம் என்று இப்பணியைத் தளர்த்திவிடலாகாது.

அழுத்தத்தோடு சேர்ந்து கேடு செய்பவை ஈரமும் உராய்வும் ஆகும். வியர்வையிலோ சிறுநீரிலோ ஊறிய தோல் வலுவிழந்து எளிதில் உரியும். துணியோடு ஒட்டவும் செய்யும். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நோயாளி மெல்லக் கீழே சரியும்போது, தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகர்கிறது. இடையிலுள்ள தசை இழுபட்டுச் சிதைகிறது. ஈரம், உராய்வு ஆகிய இவ்விரண்டையும் கூட்டுவதிலும் குறைப்பதிலும்தான் துணிக்குப் பங்கு உண்டு.

பருத்தியும் பாலியஸ்டரும்

இயல்பான காற்றில், 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 7 முதல் 8 கிராம் வரை ஈரத்தைத் தன் இழைக்குள் ஏற்றுக்கொள்கிறது. அதே அளவு பாலியஸ்டர் அரை கிராம் கூட ஏற்பதில்லை. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நம் ஊர்களில் வியர்வை தோலின் மீதே தேங்காமல் இருக்கப் பருத்தியே ஏற்றது. கொதிநீரையும் வெயிலையும் அது தாங்கும்.

பருத்திக்கும் ஒரு குறை உண்டு. ஏற்றுக்கொண்ட ஈரத்தை அது எளிதில் விடுவதில்லை. நனைந்த பருத்தி விரிப்பு தோலை மேலும் உராயும். எனவே நனைந்ததும் மாற்ற வேண்டும். காயட்டும் என்று விட்டுவைத்தல் கூடாது.

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி விரைவில் உலரும், சுருக்கம் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. மழைக்காலத்தில் துணி உலராத வீடுகளில் இதனைப் போர்வையாகவோ மாற்று விரிப்பாகவோ வைத்துக்கொள்ளலாம். முழுப் பாலியஸ்டராலான மைக்ரோஃபைபர் விரிப்பு கைக்கு மிக மென்மையாக இருப்பினும், நாள் முழுவதும் வியர்த்துக் கிடப்பவருக்கு நாங்கள் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

படுக்கைப் புண் குறித்து 2019-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், புண் உண்டாகும் வாய்ப்புள்ளோருக்கு உராய்வு குறைந்த துணிகளைப் பயன்படுத்துவது குறித்து எண்ணிப் பார்க்கலாம் என்கிறது. கடைகளில் கிடைக்கும் பளபளப்பான சாட்டின் விரிப்பு அதற்கு ஈடாகும் என்று கொள்ள வேண்டாம். நோயாளிக்கு அத்தகைய தனித் துணி தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பெயரில் ‘காட்டன்’ என்று இருப்பதாலேயே அது முழுப் பருத்தி ஆகிவிடாது. ‘கிளேஸ் காட்டன்’ போன்ற பெயர்களில் விற்கப்படுபவற்றில் பாலியஸ்டர் இருக்கக்கூடும். உறையில் அச்சிட்ட இழை விகிதத்தைப் படியுங்கள். ஐயம் எழுந்தால், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, நோயாளியின் அறைக்கு வெளியே எரித்துப் பாருங்கள். பருத்தி தாள் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணி போல உறையும்.

ஓர் அங்குலச் சதுரத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டி விலை கூட்டுவதும் உண்டு. முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனித்தனியே எண்ணினால் அந்த எண் பெருகிவிடும். நோயாளியின் படுக்கைக்கு 200 முதல் 300 வரை உள்ள எளிய நெசவே போதுமானது.

சென்னிமலைக் கைத்தறிப் படுக்கை விரிப்புகள் நெடுநாள் உழைப்பவை. அவற்றுள் கனமற்றதும் வழுவழுப்பானதுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பவானி ஜமக்காளம் தரையில் விரிக்கச் சிறந்தது. அதன் தடித்த நெசவு நோயாளியின் தோலில் நேராகப் படலாகாது. பூவேலை, ஜரிகை, நடுவில் தையல் உள்ள விரிப்புகளையும் தவிர்க்கவும். வெண்மையோ வெளிர்நிறமோ நல்லது. இரத்தமோ சீழோ கசிந்தால் உடனே கண்ணில் படும்.

விலை உயர்ந்த ஒரு விரிப்பைவிட எளிய பருத்தி விரிப்புகள் நான்கு பயன் தரும். ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில் என இருந்தால்தான் நனைந்ததும் தயங்காமல் மாற்ற முடியும். அதற்கும் வசதி இல்லையெனில் கவலை வேண்டாம். பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியும் நூற்புடவையும் தோலுக்கு மிக இதமானவை. தடித்த கரையை வெட்டி நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

விரிக்கும் முறை

• சுருக்கமின்றி விரியுங்கள். ஒரு மடிப்பு கூடத் தோலை அழுத்தித் தடம் பதிக்கும். உணவுத் துணுக்குகளை அவ்வப்போது தட்டிவிடுங்கள்.

• காற்றுப் படுக்கையின் மீது மெல்லிய விரிப்பு ஒன்று மட்டும் போதும். அதனையும் இறுக்கிக் கட்ட வேண்டாம். விரிப்பின் மேல் விரிப்பாக அடுக்கினால் காற்றுப் படுக்கையின் பயன் குறைந்துவிடும்.

• ரப்பர் ஷீட் போடுவதாயின் இடுப்பளவுக்கு மட்டும் போட்டு, அதன் மேல் பருத்தித் துணி விரியுங்கள். ரப்பர் தோலில் நேராகப் படலாகாது.

• இடுப்புக்குக் கீழே குறுக்காக மடித்து விரித்த உறுதியான துணி, நோயாளியை நகர்த்த உதவும். இருபுறமும் இருவர் நின்று அதனைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்; இழுக்காதீர்கள்.

துவைத்தலும் பாதுகாப்பும்

புதிய விரிப்பில் கஞ்சிப்பசை இருக்கும். இரண்டு முறை துவைத்த பின்னரே பயன்படுத்துங்கள். வீட்டில் கஞ்சி போடும் வழக்கம் இருந்தாலும் நோயாளியின் விரிப்புக்கு வேண்டாம். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழையின் மீது படிந்து ஈரம் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். மலமோ இரத்தமோ பட்ட துணியைக் கையுறை அணிந்து, முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பின்னர் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் சோப்புத்தூளுடன் தனியே துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

பாரஃபின் கலந்த களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும்; துவைத்தாலும் பசை முழுவதும் நீங்குவதில்லை. கொசுவத்தி, விளக்கு, பீடி ஆகியவற்றைக் கட்டிலருகே வைக்காதீர்கள். ஆக்சிஜன் பெறுபவரின் அறையில் எவ்வகை நெருப்பும் கூடாது.

விரிப்பை மாற்றும் வேளையே தோலைப் பார்க்க ஏற்ற வேளை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு மறையாவிட்டால் அது புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். நிறம் கருத்தல், சூடு, கடினம், வலி ஆகியவற்றைக் கவனியுங்கள். அவ்விடத்தைத் தேய்க்காமல், அழுத்தம் படாதவாறு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். தோல் கிழியுமுன் கண்டுகொண்டால் குணப்படுத்துவது எளிது.