தோல்பாவை முதல் ‘கோச்சடையான்’ வரை: நம்மூர் அனிமேஷன் எப்படி வளர்ந்தது, எங்கே சறுக்கியது?

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் இருக்கும் கொற்கை இன்று ஒரு சின்ன கிராமம். கடல் சில கிலோமீட்டர் பின்வாங்கிப் போய்விட்டது. ஒரு காலத்தில் பாண்டியர்களின் முத்து கப்பலேறிய துறைமுகம் இது. அந்தப் பாண்டியர் வரிசையில் கி.பி. 8ம் நூற்றாண்டில் ஆண்டவர் கோச்சடையான் ரணதீரன். அவர் பெயரை இன்று தேடினால் முதலில் வருவது கல்வெட்டு இல்லை, ரஜினிகாந்த்!

2014 மே 23 அன்று வெளியான ‘கோச்சடையான்’ படத்தின் கதை கற்பனைதான். பெயர் மட்டும் பாண்டியருடையது. ஆனால் தமிழ் அனிமேஷன் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாது. ‘என்னடா, பொம்மைப் படம் மாதிரி இருக்கு’ என்று தியேட்டரிலேயே கேட்டவர்கள் உண்டு. அப்படி ஏன் தெரிந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகணும்.

விளக்கு, வேட்டி, ஆட்டுத்தோல்

படத்தை அசைய வைக்கும் ஆசை சினிமாவுக்கு முந்தையது. குமரி, நெல்லை, தூத்துக்குடி பக்கத்து ஊர்களில் தோல்பாவைக் கூத்து பார்த்த தாத்தா பாட்டிகளைக் கேட்டால் தெரியும். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் ராமனையும் அனுமனையும் வெட்டி, சாயம் பூசி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டுவார்கள். கை, தோள் எல்லாம் தனித்தனித் துண்டு, மூட்டில் நூல் கட்டு. கம்ப்யூட்டர் அனிமேஷனில் ஒரு உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைப்பதை ‘ரிக்கிங்’ என்பார்கள். யோசித்துப் பார்த்தால் அதே வேலைதான். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926ல் கறுப்புக் காகித நிழல் உருவங்களை வெட்டி ஒரு முழுநீளப் படமே எடுத்தார். டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வந்தது அதற்கு 11 வருஷம் கழித்து.

ஒரு பாட்டுக்கு எத்தனை படம் வரையணும்?

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்குப் பயன்படுத்தினால் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அப்போதும் விநாடிக்கு 12 படம், நிமிஷத்துக்கு 720. ஐந்து நிமிஷப் பாட்டு என்றால் ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு 3,600 படம்! யானை, குரங்கு, முயல் என்று சேர்த்துக்கொண்டே போனால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அதனால்தான் வேலையைப் பிரித்தார்கள். முக்கியமான நிலைகளை மூத்த கலைஞர் வரைவார். நடுவில் வரும் படங்களை ‘இன்பிட்வீனர்’ எனப்படும் ஜூனியர்கள் நிரப்புவார்கள். அதைக் கண்ணாடி போன்ற ‘செல்’ தாளில் பிரதி எடுத்து, வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கேமராவில் சுடணும்.

இந்த முறை இந்தியாவில் முறையாகக் காலூன்றியது 1956ல். டிஸ்னியில் இருந்த கிளேர் வீக்ஸ், பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அங்கே கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டுப் படம் வரையப் போனவர். பிறகு ‘இந்திய அனிமேஷனின் தந்தை’ என்றே அழைக்கப்பட்டார்.

தமிழ் ரசிகர்களுக்கு இந்த வித்தை பெரிய திரையில் பளிச்சென்று தெரிந்தது 1989ல். ஏவிஎம் தயாரித்து எஸ்.பி.முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’வில், ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப் பாடினார்கள். ஹாலிவுட்டில் ‘ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்’ வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ரஜினி வெறும் காற்றைப் பார்த்து நடிக்கணும், விலங்கு பின்னால் வந்து உட்காரும். பார்வை ஒரு இன்ச் தப்பினாலும் மாயம் கலைந்துவிடும்.

சென்னை முந்திக்கொண்ட காலம்

1995ல் ‘டாய் ஸ்டோரி’ முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவானது. அதற்கு ஐந்தே வருஷத்தில் சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் ‘பாண்டவாஸ்’ என்ற 3டி படத்தைக் கொடுத்தது. அதே 2000ல் வந்த ‘சிந்துபாத்: பியாண்ட் தி வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்’ இன்னும் முக்கியம். முழுக்க மோஷன் கேப்சரில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படமாகச் சொல்லப்படுவது இது. நடிகர்களின் அசைவு பதிவானது அமெரிக்காவில், அனிமேஷன் வேலையில் பெரும்பங்கு சென்னையில். ‘அவதார்’ வர இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. படம் ஓடவில்லை என்பதால் இந்தக் கதை நம்மூரிலேயே பலருக்குத் தெரியாது.

2007ல் வெங்கி பாபு இயக்கி, இளையராஜா இசையமைத்த ‘இனிமே நாங்கதான்’ தமிழின் 3டி அனிமேஷன் படமாக வந்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. ஆனால் அதே வருஷம் தொடங்கிய சுட்டி டிவியில் குழந்தைகள் விழுந்து விழுந்து பார்த்தது டோராவையும் ஜாக்கி சானையும். படம் வெளிநாடு, டப்பிங் மட்டும் அக்மார்க் தமிழ். 90ஸ் கிட்ஸும் 2கே கிட்ஸும் இதற்குச் சாட்சி.

‘கோச்சடையான்’ ஏன் பொம்மையாகத் தெரிந்தது?

மோஷன் கேப்சரில் நடிகர் உடலோடு ஒட்டிய உடை போடுவார். மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் குட்டி உருண்டைகள். சுற்றியிருக்கும் கேமராக்கள் அந்தப் புள்ளிகளை மட்டும் பின்தொடரும். ரஜினி நடந்தால் அவரது நடை புள்ளிகளாகச் சேமிக்கப்படும், பிறகு கம்ப்யூட்டர் உருவத்துக்குள் அது ஏற்றப்படும். ‘கோச்சடையான்’ படத்துக்காக இந்தப் பதிவு லண்டனிலும் திருவனந்தபுரத்திலும் நடந்தது. 2009ல் மறைந்த நாகேஷ்கூட இந்தப் படத்தில் திரும்ப வந்தார்.

நடை வந்துவிட்டது, முகம்தான் வரவில்லை. கண் இமைக்கும் நொடி, உதட்டோரச் சிரிப்பு, தோலுக்குள் ஊடுருவும் வெளிச்சம்... இதையெல்லாம் சரிசெய்யப் பணமும் நேரமும் தண்ணீராகச் செலவாகும். மனிதன் மாதிரியே இருந்து கொஞ்சம் தவறினால், பார்ப்பவருக்கு ஒரு விலகல் வரும் என்று ஜப்பானின் மசாஹிரோ மோரி 1970லேயே ரோபோக்களைப் பற்றி எழுதிவிட்டார். கார்ட்டூன் முயலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் ரஜினியின் முகத்தை 40 வருஷமாகப் பார்த்தவர்களை ஏமாற்ற முடியுமா? சௌந்தர்யா எடுத்த முயற்சியில் தைரியம் குறைவில்லை, தேர்ந்தெடுத்த இலக்குதான் இருப்பதிலேயே கடினமானது.

ஜெயித்தாலும் சிக்கல்

கடலோரம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு அலை மாதிரி இன்னொன்று இருக்காது. கையால் வரைபவர்களுக்குத் தண்ணீர் எப்போதும் தலைவலி. கம்ப்யூட்டர் அதை இயற்பியல் கணக்காக மாற்றியது. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் கடலும் புலியும் அப்படி வந்தவை. 2013 பிப்ரவரியில் அதற்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதம், விழாவுக்குச் சில நாள் முன்பு, திவால் மனு போட்டிருந்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன.

இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வருகிறது. கதையும் கதாபாத்திரமும் யாருடையதோ, வருமானமும் அவர்களுக்கே. சென்னை ஸ்டுடியோக்களில் கற்கும் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. 2025 மார்ச்சில் எல்லோரும் தங்கள் போட்டோவை ஏஐயில் ‘ஜிப்லி’ ஓவியமாக மாற்றிக் கொண்டாடினார்களே, அதில் அவர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நடுப் படங்களை நிரப்புவது, முகமூடி வெட்டுவது போன்ற ஆரம்ப வேலைகளை ஏஐ எடுத்துக்கொண்டால், ஜூனியராக நுழைபவர் எங்கே நின்று கற்பது?

அந்த வருஷம் ஜூலையில் ‘மகாவதார் நரசிம்மா’ வந்தது. நிஜ மனித முகத்தைப் போலச் செய்யும் முயற்சி அதில் இல்லை, சிலை மாதிரி செதுக்கிய உருவங்கள். தமிழ் டப்பிங்குக்கும் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது. ‘கோச்சடையான்’ வந்து 11 வருஷம் கழித்து, ஒரு இந்திய அனிமேஷன் படத்துக்கு நட்சத்திர முகம் இல்லாமலே டிக்கெட் விற்றிருக்கிறது.