ஏற்றத்தில் திணறும் அம்பாசடர்

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் செல்லும் வழியில், திருவானைக்காவல் ரயில்வே மேம்பாலத்தில் பழைய அம்பாசடர் கார் ஒன்று முக்கி முனகி ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். 2014-இல் உற்பத்தி நின்றுவிட்ட கார் அது. “இன்ஜின் போச்சு, ரீபோர் செய்யணும்” என்று பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போடும் வேலை அது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்குப் பெருஞ்செலவு. தீர்ப்பு சரிதானா என்று பள்ளி இயற்பியலைக் கொண்டே சோதிக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. ஆட்களுடன் காரின் நிறை 1500 கிலோகிராம். 25 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு. வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் என்று கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து ஏற 588 நியூட்டன் விசை வேண்டும். திறன் 5880 வாட், ஏறத்தாழ 8 குதிரைத்திறன். 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு இது பெரிய சுமையே அல்ல. அப்படியும் திணறுகிறது என்றால், திறன் உண்டாகவில்லை. அல்லது உண்டான திறன் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டாவதைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். சற்று ஓடியபின் ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் சீறி, காரின் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இனி தீப்பொறி. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. பெட்ரோல்–காற்றுக் கலவை எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்ட 2 மில்லிவினாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் கிராங்க் 36 பாகை திரும்பிவிடும்! ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். தாமதித்தால், ஊஞ்சலை நேரம் தவறித் தள்ளுவதுபோல் தள்ளும் விசையில் பெரும்பகுதி வீணாகும்.

அந்த நேரத்தைக் காப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ‘பாயிண்ட்’. அது முழுதும் திறக்கும்போது இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேமின்மேல் உரசும் அதன் சிறு குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது, பாயிண்ட் பிந்தித் திறக்கிறது, பொறியும் பிந்துகிறது. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தேய்வதால் தினமும் ஓட்டுபவருக்கே இது தெரிவதில்லை. ஃபீலர் கேஜை வைத்துச் சிறிது நேரத்தில் சரிசெய்துவிடலாம். இதற்கா ரீபோர்?

பிளக்கின் நிறமும் பேசும். வெளிர் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டரையும் அடைபட்ட ஏர் கிளீனரையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் கசிகிறது. (இதையெல்லாம் மெக்கானிக் செய்யும்போது அருகில் நின்று பாருங்கள். பிளக் வயரில் பல ஆயிரம் வோல்ட் ஓடும், தொட வேண்டாம்.)

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்றி, நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளப்பார்கள். ஆயில் பிஸ்டன் ரிங்கைச் சுற்றிப் பரவி இடுக்கை அடைக்கும். மேலே இருக்கும் வால்வுகளை எட்டாது. எனவே அழுத்தம் உயர்ந்தால் தேய்ந்தது ரிங்கோ சிலிண்டர் சுவரோதான். ரீபோர் பேச்சுக்கு அப்போது இடமுண்டு. உயராவிட்டால் கசிவு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்தால் போதும். சிலிண்டரைத் தொட வேண்டியதே இல்லை.