குரல்வளையிற் பிறந்த சொற்கள்

ஆங்கிலேயர் கவலையைக் குறிக்க வழங்கும் 'வொர்ரி' என்னும் சொல் கழுத்தில் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் முன்வடிவமான 'விர்கன்' குரல்வளையை நெரித்தலைக் குறித்தது. உறவுமொழியாகிய செருமானியத்தில் 'வூர்கன்' என்னும் சொல் இன்றளவும் அப்பொருளிலேயே நிற்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில், ஓநாயும் வேட்டைநாயும் இரையின் தொண்டையைப் பல்லாற் கவ்வி உலுக்குதலுக்கு இச்சொல் ஆகிவந்தது. பின்னர் ஒருவரை ஓயாது அலைக்கழித்தல் என்று பொருள் விரிந்தது. தானே மனம் கலங்குதல் என்னும் இன்றைய பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

பழம்பொருளும் இறந்துபடவில்லை. கால்நடைகளை நாய்களிடமிருந்து காக்கப் பிரித்தானியாவில் 1953-இல் இயற்றப்பட்ட சட்டம், நாய் இழைக்கும் கொடுமையை இச்சொல்லாலேயே சுட்டுகிறது. பாய்ந்து கடித்தல் மட்டுமே அதன்படி குற்றம் என்பதில்லை. காயமோ துன்பமோ கருச்சிதைவோ நேரக்கூடிய வகையில் துரத்துதலும் குற்றமே. சட்டம் வகுத்தோர் மேய்ச்சல் நிலத்தை நன்கறிந்தவர்கள். சினையாட்டின் மேல் நாயின் பல் படவே வேண்டியதில்லை. புல்வெளியின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு அதனை விரட்டினால் போதும். வேலியோரம் விலா ஏறியிறங்க, வாய் திறந்து மூச்சிரைத்து நிற்கும் அந்த ஆடு, தோலில் ஒரு கீறலும் இன்றியே தன் கருவை இழக்கக்கூடும். அச்சம் என்பது உடலில் நிகழும் ஒரு நிகழ்வு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

மற்றொரு சொற்குடும்பமும் இதே இடத்தைத் தொட்டு நிற்கிறது. இலத்தீனில் 'ஆங்கெரே' என்றால் இறுக்குதல், மூச்சுத் திணறச் செய்தல். பதற்றத்தைக் குறிக்கும் 'ஆங்சைட்டி', கடுந்துயரைக் குறிக்கும் 'ஆங்குவிஷ்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் இவ்வேரிலிருந்து கிளைத்தவை. நெஞ்சுவலிக்கு மருத்துவர் வழங்கும் 'ஆஞ்சைனா'வும் இக்குடும்பத்தோடு இணைந்ததே. செருமானியர் அச்சத்தை 'ஆங்ஸ்ட்' என்பர்; அவர்கள் மொழியில் 'எங்' என்றால் குறுகலானது. குறுகிய வழியில் அகப்பட்டு மூச்சு முட்டும் நிலையே இச்சொற்கள் அனைத்துக்கும் அடிப்படை.

இச்சொற்களை ஆக்கியோர் உடற்கூறு கற்றவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கண்டது பிழையன்று. ஆர்வர்டு பல்கலைக்கழக உடலியங்கியல் அறிஞர் வால்ட்டர் கேனன், அச்சமும் சினமும் உடலில் விளைக்கும் மாற்றங்களை 1915-இல் நூலாக விரித்துரைத்தார். இடர் தோன்றியவுடன் தன்னியக்க நரம்பு மண்டலம் விழித்தெழுகிறது. சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பி அட்ரினலினைக் குருதியிற் கலக்கிறது. நெஞ்சத் துடிப்பு விரைகிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் இறுகுகின்றன. தோலின் நுண்குருதிக்குழல்கள் சுருங்குவதால் முகம் வெளிறுகிறது. பேரச்சத்தால் திகைக்கச் செய்தலைக் குறிக்கும் 'அப்போல்' என்னும் ஆங்கிலச் சொல், வெளிறிப்போதல் என்னும் பொருளுடைய பழம் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதை இங்கே எண்ணிப்பார்த்தல் தகும்.

பின்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதிற் பங்குகொண்டோர் 701 பேர். மனித உருவரைபடங்களைத் தந்து, ஒவ்வோர் உணர்ச்சியின்போதும் உடலின் எப்பகுதி கிளர்கிறது, எப்பகுதி தளர்கிறது என்று வண்ணந்தீட்டச் செய்தனர். அச்சமும் பதற்றமும் மார்பிற் செறிந்து தோன்றின. துயரத்திலோ கைகால்கள் வலுவிழந்தனவாகத் தீட்டப்பட்டன. ஊக்கம் குலைதலைக் குறிக்கும் 'டிஸ்மே' என்னும் சொல்லின் வேரும் இதனையே கூறுகிறது. பழம் பிரெஞ்சின் வழி வந்த அச்சொல்லின் உள்ளே, ஆற்றலைக் குறிக்கும் செருமானிய வேர் ஒன்று பொதிந்துள்ளது. 'மைட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே மூலம். ஆற்றலைப் பறித்தல் என்பதே 'டிஸ்மே'யின் முதற்பொருள்.

மலைக்கச் செய்தலைக் குறிக்கும் 'டாண்ட்' இன்னும் கடுமையான வரலாறு உடையது. காட்டு விலங்கை அடக்கிப் பழக்குதலை இலத்தீனர் 'தொமாரே' என்றனர். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது இச்சொல். பழக்கிய விலங்கைக் குறிக்கும் 'டேம்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே தொல்வேரிலிருந்து நேரே வந்ததுதான். இரண்டனுக்கும் முதலெழுத்தின் ஒலி வேறுபடுவதற்குக் காரணம், 1822-இல் மொழியறிஞர் யாக்கோபு கிரிம் வகுத்துரைத்த ஒலிமாற்ற நெறி. இலத்தீனில் ஒலிப்புடன் வரும் தகரம் செருமானியக் கிளைமொழிகளில் ஒலிப்பின்றி வல்லோசையாக மாறும். அம்மொழிகளில் இரண்டையும் பத்தையும் குறிக்கும் எண்ணுப்பெயர்களிலும் இம்மாற்றத்தைக் காணலாம். அஞ்சாதவனை ஆங்கிலேயர் 'அண்டாண்டட்' என்று போற்றும்போது, அடக்கப்படாதவன் என்றே போற்றுகின்றனர்.

இவற்றுள் வினைச்சொற்களாய் நிற்பவற்றுக்குப் பொதுவான இலக்கண இயல்பு ஒன்றுண்டு; என் கருத்தில் அதுவே தலையாயது. 'டாண்ட்', 'டிஸ்மே', அச்சுறுத்தி விலக்குதலாகிய 'டிட்டர்' ஆகிய மூன்றும் செயப்படுபொருள் வேண்டி நிற்பவை. அடக்குவோன் ஒருவன், ஆற்றலைப் பறிப்பது ஒன்று, அச்சுறுத்துவது ஒன்று என வினைமுதல் வெளியே நிற்கும். 'வொர்ரி'யும் முன்னர் அவ்வாறே இருந்தது. நாய் ஆட்டை நெரித்தது. கடன் மனிதனை நெரித்தது. 19-ஆம் நூற்றாண்டிலோ, மனிதன் தானே கவலுகிறான் என்னும் வழக்கு பரவியது. வினைமுதல் மறைந்தது, துன்புறுவோனே அதனைச் செய்வோனும் ஆனான். கவலையைக் கவலுவோனின் குறையாகக் காணும் மனப்பாங்குக்கு இவ்வழக்கு இடந்தந்தது என்றே நான் கருதுகிறேன். தமிழில் நாம் கவலைப்படுகிறோம். அடிபடுதலிலும் புண்படுதலிலும் உள்ள அதே 'படு' இங்கும் நின்று, அது நமக்கு நேர்ந்தது என்று சொல்கிறது.

ஆசிரியர்களிடமும் மருத்துவர்களிடமும் ஒன்று வேண்டுகிறேன். கலங்கி வந்து நிற்கும் மாணவனையும் நோயாளியையும் ஏன் கவலைப்படுகிறாய் என்று வினவுவதோடு நின்றுவிடாதீர்கள். கட்டணமோ கடனோ வீட்டில் ஒருவரின் அடியோ, அவர்களை நெரிப்பது எது என்று கேளுங்கள். அதனை விலக்கும் வழியையும் அவர்களோடு இருந்து தேடுங்கள்.